டயருக்குள் ஓர் அழுத்தமானி: அது சொல்வதை நம்பலாமா?



தென்காசிக்குப் பக்கத்தில் இருக்கிறது சுந்தரபாண்டியபுரம். நேரில் பார்க்காதவர்கள்கூட 1992ஆம் ஆண்டு வெளிவந்த 'ரோஜா' திரைப்படத்தில் அந்த ஊரைப் பார்த்திருப்பீர்கள். குற்றாலத்தில் சாரல் விழும் மாதங்களில் இந்த ஊர் வயல்களில் சூரியகாந்தி பூத்து நிற்கும். அருவியில் குளிக்க வருகிறவர்கள் பூக்களையும் பார்த்துவிட்டுப் போகலாமென்று வருவார்கள். வயலோரச் சாலையில் கார்கள் வரிசையாக நிற்கும்.

அந்த வரிசையில் நிற்கும் ஒரு காரை மனத்தில் எண்ணிக்கொள்ளுங்கள். அதன் சொந்தக்காரர் முந்திய நாள் நண்பகல் வெயிலில் மதுரையிலிருந்து வந்தார். ராஜபாளையம் தாண்டி ஒரு பெட்ரோல் பங்கில் நிறுத்தி நான்கு டயர்களுக்கும் காற்றுப் பிடித்தார். சதுர அங்குலத்துக்கு 33 பவுண்டு. காரைச் செய்தவர்கள் ஓட்டுநரின் கதவோரச் சீட்டில் குறித்திருந்த அளவு அதுதான். காரின் திரையும் நான்கு சக்கரங்களுக்கும் 33 என்றே காட்டியது. இரவு குற்றாலத்தில் தங்கினார். காலையில் காரை எடுத்துச் சிறிது தூரம் போனதும் திரையைப் பார்த்தால் நான்கிலும் 28! ஒரே இரவில் நான்கு டயர்களுமா பஞ்சராகும்? சுந்தரபாண்டியபுரம் வந்து சேர்ந்தபோது அதே திரை 30 என்கிறது. நடுவில் யாரும் காற்று அடிக்கவில்லை. 'கருவி கெட்டுப் போயிற்று' என்று அவர் முடிவு கட்டிவிட்டார்.

இது நாம் கற்பனையில் ஓட்டிய கார்தான். ஆனால் இந்தப் புதிர் உண்மையானது. புதிய கார் வைத்திருக்கும் யாரைக் கேட்டாலும் இது போன்ற ஒன்றைச் சொல்வார்கள். 33, 28, 30 ஆகிய மூன்று எண்களில் எது பொய்? மூன்றுமே உண்மை என்பதுதான் விடை. எப்படி என்று பார்ப்போம்.

காரைத் தாங்குவது எது?

காரைத் தாங்குவது ரப்பர் என்று நாம் நினைக்கிறோம். உண்மையில் பெரும்பங்கு சுமையைத் தாங்குவது உள்ளே அடைபட்டிருக்கும் காற்றே. ஆயிரம் கிலோ எடையுள்ள ஒரு கார், நான்கு சக்கரங்களுக்கும் சமமாகப் பங்கிட்டால், ஒவ்வொன்றின் மேலும் 250 கிலோவை ஏற்றுகிறது. 33 பவுண்டு அழுத்தம் என்பது ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 2.3 கிலோ. 250ஐ 2.3ஆல் வகுத்துப் பாருங்கள். சுமார் 108 சதுர சென்டிமீட்டர் வரும். ஒவ்வொரு டயரும் தரையைத் தொடும் பரப்பு ஏறத்தாழ இவ்வளவுதான். ஓர் அஞ்சலட்டையின் பரப்பு 126 சதுர சென்டிமீட்டர். ஒரு குடும்பமே ஏறிச் செல்லும் கார், நான்கு அஞ்சலட்டைகளை விடக் குறைவான இடத்தின் மேல் நின்றுகொண்டு ஓடுகிறது!

காற்று குறைந்தால் டயர் மேலும் தட்டையாகி, கூடுதல் பரப்பைத் தரையில் பதித்துச் சுமையைத் தாங்கும். 'நல்லதுதானே, பிடிப்பு கூடுமே' என்று நீங்கள் கேட்கலாம். ஓர் இரும்புக் கம்பியை எடுத்து ஒரே இடத்தில் முன்னும் பின்னுமாக இருபது முறை வேகமாக வளையுங்கள். வளைந்த இடத்தைத் தொட்டுப் பாருங்கள். சுடும். காற்றுக் குறைந்த டயரின் பக்கச் சுவரும் ஒவ்வொரு சுற்றிலும் இப்படித்தான் அதிகமாக மடங்கி நிமிர்கிறது. வேகமாகப் போகும் காரில் இது ஒரு வினாடிக்குப் பத்துப் பதினைந்து முறை நடக்கும். பிறக்கும் வெப்பம் ரப்பரின் வலிமையைக் குறைக்கும். உள்ளே உள்ள அடுக்குகள் ஒன்றைவிட்டு ஒன்று பிரியும். ஒரு கட்டத்தில் டயர் வெடிக்கும். கோடை வெயிலில் நெடுஞ்சாலையில் டயர் வெடித்தால், காற்று அதிகமானதால் வெடித்தது என்றே பலரும் நினைக்கிறார்கள். காற்று குறைந்ததும் அதே அளவு சந்தேகத்துக்குரியது.

இன்னொரு சிக்கலும் உண்டு. இந்தக் காலத்து ரேடியல் டயர்கள் காற்று சரியாக இருக்கும்போதே அடியில் சற்றுப் பிதுங்கித்தான் தெரியும். எட்டுப் பத்துப் பவுண்டு குறைந்திருந்தாலும் கண்ணால் பார்த்துச் சொல்வது கடினம். எனவேதான் டயருக்கு ஒரு காவலாளி தேவைப்பட்டான்.

காவலாளிகள் இருவகை

முதல் வகைக் காவலாளி டயருக்கு உள்ளேயே குடியிருப்பவன். காற்றடிக்கும் வால்வின் உட்புறத்தில், ரிம்மோடு ஒட்டி, தீப்பெட்டி போன்ற ஒரு சிறு பெட்டி இருக்கும். அதனுள்ளே மிக மெல்லிய சிலிக்கன் தகடு ஒன்று உண்டு. அதன் ஒரு பக்கம் டயரின் காற்று அழுத்துகிறது, மறுபக்கம் வெற்றிடம். காற்று அழுத்த அழுத்தத் தகடு வளைகிறது. வளையும் சிலிக்கனின் மின்தடை கணிசமாக மாறும் என்பதை 1954இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் சார்லஸ் ஸ்மித் என்பவர் கண்டறிந்து வெளியிட்டார். அந்த மாற்றத்தை அளப்பது எது தெரியுமா? நீங்கள் மேல்நிலை வகுப்பு ஆய்வுக்கூடத்தில் காணும் வீட்ஸ்டோன் சமனச்சுற்றுதான். ஊசிமுனை அளவுக்குச் சுருங்கியிருக்கிறது, அவ்வளவே. இப்படி அளக்கப்பட்ட அழுத்தம், டயருக்குள் உள்ள வெப்பநிலையோடு சேர்ந்து, வானொலி அலையாகக் காரின் கணிப்பொறிக்குப் போய்ச் சேரும். இதற்கு ஐரோப்பாவில் 433 மெகாஹெர்ட்ஸ், அமெரிக்காவில் 315 மெகாஹெர்ட்ஸ் அளவிலான அதிர்வெண்கள் பயன்படுகின்றன.

இந்தப் பெட்டி இருக்கும் இடமோ லேசானதல்ல. கார் மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது; டயரின் ஆரம் 29 சென்டிமீட்டர்; உணரி அச்சிலிருந்து 17 சென்டிமீட்டர் தொலைவில் இருக்கிறது என்று வைத்துக்கொண்டு மையநோக்கு முடுக்கத்தைக் கணக்கிட்டுப் பாருங்கள். புவியீர்ப்பு முடுக்கத்தைப் போல் ஏறத்தாழ 160 மடங்கு வரும். 30 கிராம் எடையுள்ள உணரி அப்போது ஐந்து கிலோ எடையுள்ளது போல் ரிம்மை இழுக்கும்! அந்த நிலையிலும் அது அளந்து சொல்ல வேண்டும்.

இரண்டாம் வகைக் காவலாளி டயருக்குள் போவதே இல்லை. பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொண்டு சறுக்காமல் தடுக்கும் ஏ.பி.எஸ். அமைப்புக்காக, ஒவ்வொரு சக்கரத்தின் சுழற்சியும் எப்படியும் அளக்கப்படுகிறது. காற்றுக் குறைந்த சக்கரத்தின் உருளும் ஆரம் சற்றே குறையும். ஆகவே அதே தூரத்தைக் கடக்க அது சற்று அதிகமாகச் சுற்ற வேண்டும். ஒரு கிலோமீட்டரில் 555 முறை சுற்ற வேண்டிய சக்கரம் 558 முறை சுற்றினால் காவலாளிக்குச் சந்தேகம் வரும். வித்தியாசம் நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவு என்பதைக் கவனியுங்கள். வளைவில் திரும்பும்போது வெளிப்பக்கச் சக்கரம் எப்படியும் அதிகமாகச் சுற்றும் அல்லவா? அதனால் நேர்ச்சாலையில் சிறிது நேரம் பார்த்த பிறகுதான் இவனால் எதையும் சொல்ல முடியும். சொல்வதும் 'ஏதோ குறைகிறது' என்று மட்டும்தான். பவுண்டுக் கணக்கு இவனுக்குத் தெரியாது. நான்கு டயர்களிலும் ஒரே அளவு குறைந்தால் இந்த வகையின் தொடக்ககால அமைப்புகள் ஏமாந்துவிடும். சக்கரத்தின் அதிர்வையும் ஆராயும் பிற்கால அமைப்புகள் இந்தக் குறையைப் பெரிதும் நீக்கியிருக்கின்றன.

பிழை எவ்வளவு?

நம் கற்பனைக் காரில் இருப்பது முதல் வகை. சாதாரண வெப்பநிலைகளில் பிழை ஏறத்தாழ 7 கிலோபாஸ்கலுக்குள், அதாவது சதுர அங்குலத்துக்கு ஒரு பவுண்டுக்குள் இருக்கும் என்பது இத்தகைய உணரிகளைச் செய்வோர் வழக்கமாகத் தரும் உறுதி. மிகுந்த குளிரிலும் மிகுந்த வெப்பத்திலும் பிழை சற்றுக் கூடும்.

இதற்கு மேல் திரையும் தன் பங்குக்கு ஒரு பிழையைச் சேர்க்கிறது. பல திரைகள் முழு எண்களையே காட்டும். 32.6ம் 33தான், 33.4ம் 33தான். மூன்றாவதாக, பொத்தான் போன்ற ஒரு சிறு மின்கலத்தை வைத்துக்கொண்டு உணரி பல ஆண்டுகள் வாழ வேண்டியிருக்கிறது. அதனால் கார் நிற்கும்போது அது பெரும்பாலும் தூங்கும். சக்கரம் உருளத் தொடங்கியதும் விழித்துக்கொண்டு செய்தி அனுப்பும். சாவியைத் திருப்பியவுடன் சில கார்களின் திரையில் தெரிவது நேற்று நிறுத்தியபோது வந்த எண்ணாகவே இருக்கலாம்.

இயற்பியலில் துல்லியத்தன்மை, நுட்பம் என்று இரண்டைப் பிரித்துச் சொல்வோம். அளவீடு உண்மை மதிப்புக்கு எவ்வளவு அருகில் இருக்கிறது என்பது துல்லியத்தன்மை. மீண்டும் மீண்டும் அளந்தால் எவ்வளவு ஒத்துப்போகிறது என்பது நுட்பம். எப்போதும் ஒரு பவுண்டு கூட்டிச் சொல்லும் உணரிக்கு நுட்பம் உண்டு, துல்லியத்தன்மை இல்லை. ஆனாலும் அது பயனுள்ள காவலாளியே. நேற்றைக்கும் இன்றைக்கும் உள்ள மாறுதலைச் சரியாகவே சொல்லும்.

ஆக, கருவியின் பிழை ஒரு பவுண்டு, மிஞ்சினால் ஒன்றரைப் பவுண்டு. நம் காரில் குறைந்ததோ ஐந்து பவுண்டு. மீதி எங்கிருந்து வந்தது?

33 எப்படி 28 ஆயிற்று?

பருமன் மாறாதபோது ஒரு வாயுவின் அழுத்தம் அதன் தனி வெப்பநிலைக்கு நேர்விகிதத்தில் இருக்கும் என்று படித்திருக்கிறீர்கள். டயரின் பருமன் பெரிதாக மாறுவதில்லை. எனவே இந்த விதியைத் தயங்காமல் பயன்படுத்தலாம். ஓர் எச்சரிக்கை மட்டும் தேவை: டயர் அழுத்தமாக நாம் சொல்லும் 33, வெளியே உள்ள வளிமண்டல அழுத்தத்துக்கு மேற்பட்ட அளவு. வளிமண்டலத்தின் 14.7 பவுண்டையும் கூட்டினால்தான் முழு அழுத்தம் கிடைக்கும். 33உடன் 14.7 சேர்ந்தால் 47.7.

நண்பகலில் ஓடி வந்த டயருக்குள் வெப்பநிலை 57 டிகிரி செல்சியஸ், அதாவது 330 கெல்வின் என்று கொள்வோம். சாரல் பெய்த குற்றாலத்துக் காலையில் 24 டிகிரி, அதாவது 297 கெல்வின். 297ஐ 330ஆல் வகுத்தால் சரியாக 0.9. எனவே முழு அழுத்தம் 47.7இன் பத்தில் ஒன்பது பங்காகி 42.9 ஆகிறது. இதிலிருந்து வளிமண்டலத்தின் 14.7ஐக் கழித்தால் 28.2. திரை காட்டியது 28! பிறகு சுந்தரபாண்டியபுரம் வரை உருண்டதில் டயர் 37 டிகிரிக்குச் சூடானால் அழுத்தம் 30.1. திரை காட்டியது 30! ஒரு துளிக் காற்றும் வெளியேறவில்லை. உணரி ஒவ்வொரு முறையும் நடந்ததை நடந்தபடியே சொல்லியிருக்கிறது.

அப்படியானால் தவறு எங்கே? கதவோரச் சீட்டில் உள்ள 33 என்பது குளிர்ந்த டயருக்கான அளவு. கார் சில மணி நேரமாவது ஓடாமல் நின்ற பிறகு அளக்க வேண்டியது அது. சூடான டயரில் 33 பிடித்ததால், அந்தக் கார் உண்மையில் 28 பவுண்டில் ஓடிக்கொண்டிருக்கிறது. பத்து டிகிரிக்கு ஏறத்தாழ ஒன்றரைப் பவுண்டு என்று நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இதையே திருப்பிப் போட்டுப் பாருங்கள். காலையில் குளிர்ந்த டயரில் 33 பிடித்தால், நண்பகலில் 57 டிகிரியில் திரை 38 காட்டும். இதைக் கண்டு அஞ்சி, 'வெயிலுக்கு வெடித்துவிடும், காற்றை இறக்கு' என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். அது ஆபத்தான யோசனை. டயரை வடிவமைத்தவர்கள் இந்த ஏற்றத்தையும் கணக்கில் சேர்த்தே 33 என்று குறித்திருக்கிறார்கள். சூட்டில் இறக்கினால் குளிர்ந்தபின் 28தான் மிஞ்சும். டயர் அதிகமாக மடங்கும். முன்னைவிட அதிகமாகச் சூடாகும். எதைத் தடுக்க நினைத்தோமோ அதையே வரவழைத்தவர்களாவோம்.

மலை ஏறினால் என்ன ஆகும்?

அந்தக் கார் குற்றாலத்தை முடித்துக்கொண்டு கொடைக்கானலுக்குப் போகிறது என்று வைத்துக்கொள்வோம். கீழே 30 டிகிரியில் சரியாக 33 பிடித்திருக்கிறார்கள். மேலே 2,100 மீட்டர் உயரத்தில் 15 டிகிரி குளிர். கார் இரவெல்லாம் நின்று டயரும் குளிர்ந்துவிட்டது. முழு அழுத்தம் 47.7இலிருந்து 45.3க்கு இறங்கும். உணரி தகட்டின் மறுபக்கம் வெற்றிடம் என்றேன் அல்லவா? அது அளப்பது முழு அழுத்தத்தைத்தான். வளிமண்டல அழுத்தத்தைக் கழிப்பது காரின் கணிப்பொறியின் வேலை. சில அமைப்புகள் எங்கே போனாலும் கடல்மட்டத்துக்குரிய 14.7ஐயே கழிக்கும். அவற்றின் திரையில் 30.6, அதாவது 31 தெரியும். ஆனால் கொடைக்கானலில் வளிமண்டல அழுத்தம் 11.4 பவுண்டு அளவுதான். அங்கே ஒரு பஞ்சர் கடையில் கை மானியை வைத்துப் பார்த்தால் 33.9 காட்டும். இரண்டு மானிகளும் நல்ல நிலையில் இருக்கின்றன. இரண்டுக்கும் மூன்று பவுண்டு வித்தியாசம்! உள்ளூர் வளிமண்டல அழுத்தத்தை அறிந்து கழிக்கும் அமைப்புகளில் இந்தக் குழப்பம் எழாது.

ஓர் அளவீட்டைக் குறை கூறுமுன், அது எதை அளக்கிறது, எதிலிருந்து அளக்கிறது என்று கேட்க வேண்டும். இந்தப் பழக்கம் டயருக்கு மட்டுமன்றி எல்லா அளவீடுகளுக்கும் பொருந்தும்.

விளக்கு எரியவில்லையே!

திரையில் எண் காட்டாத கார்களிலும் ஒரு மஞ்சள் விளக்கு இருக்கும். டயரைக் குறுக்கே வெட்டியது போன்ற வடிவம். நடுவில் ஒரு வியப்புக்குறி. இந்த விளக்கு பிறந்ததற்குப் பின்னே ஒரு துயரக் கதை உண்டு. 1990களில் அமெரிக்காவில் ஃபோர்டு எக்ஸ்புளோரர் கார்களில் பொருத்தப்பட்ட ஃபயர்ஸ்டோன் டயர்கள் ஓட்டத்தில் அடுக்குப் பிரிந்து, கார்கள் கவிழ்ந்தன. இருநூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். 2000ஆம் ஆண்டு ஆகஸ்டில் 65 லட்சம் டயர்கள் திரும்பப் பெறப்பட்டன. டயரின் குறையோடு, குறைந்த காற்றழுத்தமும் அந்த விவாதத்தில் பெரிதாகப் பேசப்பட்டது. அதே ஆண்டு அமெரிக்கா இயற்றிய சட்டம் இந்த எச்சரிக்கை அமைப்புக்கு வழி செய்தது. 2008ஆம் ஆண்டு மாடல் முதல் அங்கே எல்லாப் புதிய கார்களிலும் அது கட்டாயமாயிற்று. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2014 நவம்பர் முதல் எல்லாப் புதிய கார்களுக்கும் கட்டாயம். நம் நாட்டில் 2020இல் மோட்டார் வாகன விதிகள் திருத்தப்பட்டு, இந்த அமைப்பும் பஞ்சர் ஒட்டும் சாதனமும் உள்ள குறிப்பிட்ட வகைக் கார்கள் ஸ்டெப்னி இல்லாமலும் வரலாம் என்று அனுமதிக்கப்பட்டது.

ஆனால் விளக்கு எப்போது எரிய வேண்டும் என்று விதி சொல்கிறது? அமெரிக்க விதிப்படி, குறிப்பிட்ட அளவிலிருந்து 25 விழுக்காடு குறைந்தால், 20 நிமிடத்துக்குள் எரிய வேண்டும். 33 பவுண்டுக்கு இது 24.75. ஐரோப்பிய விதி சற்றுக் கண்டிப்பானது: ஓடும்போது உள்ள அழுத்தத்தில் 20 விழுக்காடு குறைந்தால், பஞ்சரானபோது பத்து நிமிடத்துக்குள் எரிய வேண்டும். நம் காரின் டயர்கள் காலையில் 28இல் இருந்தன. அமெரிக்க விதிப்படி செய்த விளக்கு அங்கே எரிய வேண்டிய கட்டாயமே இல்லை! நூற்றுக்குப் பதினைந்து பங்கு குறைவாக நாள்கணக்கில் ஓடிக்கொண்டிருக்கும். விளக்கு வாய் திறக்காது. எனவே விளக்கு எரியாததற்கு 'எல்லாம் சரி' என்று பொருளில்லை. 'இன்னும் எல்லை தாண்டவில்லை' என்றுதான் பொருள்.

விளக்கு காரைக் கிளப்பியதும் ஒரு நிமிடம் போல விட்டு விட்டு மின்னி, பிறகு நிலையாக எரிந்தால், பல கார்களில் அது காற்றுக் குறைவைச் சொல்வதில்லை; காவலாளிக்கே உடம்பு சரியில்லை என்று சொல்கிறது. பெரும்பாலும் மின்கலம் தீர்ந்திருக்கும்.

வீட்டில் சொல்லுங்கள், செய்தும் பாருங்கள்

உங்கள் வீட்டிலோ உறவினர் வீட்டிலோ கார் இருந்தால் மூன்று செய்திகளைப் பெரியவர்களிடம் சொல்லுங்கள். ஒன்று: மாதம் ஒருமுறை, காலையில், வண்டி ஓடுமுன் அல்லது பக்கத்துப் பங்குக்குப் போய் காற்றைச் சரிபார்க்க வேண்டும். இரண்டு: சூடான டயரிலிருந்து காற்றை இறக்கக் கூடாது. மூன்று: நான்கு சக்கரங்களும் சேர்ந்து ஏறி இறங்கினால் அது பெரும்பாலும் வெப்பநிலையின் வேலை, ஒரு சக்கரம் மட்டும் மற்ற மூன்றையும் விட்டு விலகி இறங்கினால் அது பஞ்சர், உடனே கவனிக்க வேண்டும். உணரியின் ஒரு பவுண்டுப் பிழை இந்த ஒப்பீட்டைக் கெடுப்பதில்லை.

இனி உங்களுக்கு ஒரு கணக்கு. பிரான்சு நாட்டின் அமாந்தான் என்ற அறிஞர் 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், அடைபட்ட காற்றின் அழுத்தம் வெப்பநிலையோடு குறைந்துகொண்டே போவதைப் பார்த்தார். அழுத்தம் முற்றிலும் இல்லாமற்போகும் ஒரு கடுங்குளிர் இருக்க வேண்டும் என்று எண்ணினார். அவருடைய அளவுகள் இன்றைய கணக்கில் ஏறத்தாழ -240 டிகிரியைச் சுட்டுகின்றன. இன்று நாம் அறிந்த தனிச்சுழி -273 டிகிரி. இதே சோதனையை நிழலில் நிற்கும் ஒரு காரை வைத்துச் செய்யலாம். விடியற்காலையில் 24 டிகிரியில் 33, பிற்பகல் 36 டிகிரியில் 35 என்று கிடைத்ததாகக் கொள்ளுங்கள். 14.7ஐக் கூட்டி, வரைபடத்தாளில் இரு புள்ளிகளையும் குறித்துக் கோடு இழுத்தால், அழுத்தம் சுழியாகும் இடம் -262 டிகிரி! ஒரு டயரிலிருந்து இவ்வளவு நெருங்கிவிட்டோம்.

ஆனால் பிற்பகலில் 35க்குப் பதில் 34 என்று கிடைத்திருந்தால்? கோடு -548 டிகிரியில் போய் முட்டும். அப்படி ஒரு வெப்பநிலை இயற்கையில் கிடையாது. பஞ்சரைக் கண்டுபிடிக்க ஒரு பவுண்டுப் பிழை பொருட்டே இல்லை. தனிச்சுழியைக் கண்டுபிடிக்க அதே ஒரு பவுண்டு எல்லாவற்றையும் கெடுத்துவிடும். ஒரு கருவி துல்லியமானதா என்ற கேள்விக்கு, 'எந்த வேலைக்கு?' என்று திருப்பிக் கேட்காமல் விடை சொல்ல முடியாது. பல நாட்கள், பல வெப்பநிலைகளில் அளந்து, புள்ளிகளைக் கூட்டிக்கொண்டே போய் உங்கள் கோட்டைச் செம்மைப்படுத்துங்கள். -273க்கு எவ்வளவு அருகில் வர முடிகிறது என்று பாருங்கள்.